ராயபுரத்தார் பதில்கள்

கே: கண்ணில் லேசர் அடித்தால் கருகிவிடாதா? (கல்லூரி மாணவி, தண்டையார்பேட்டை)

ப: எந்த லேசர் என்பதைப் பொறுத்தது, தாயே. 1981 நவம்பரில் அமெரிக்காவின் ஐபிஎம் ஆய்வுக்கூடத்துக்கு, விருந்தில் மிஞ்சிய வான்கோழியைக் கொண்டுபோனார் நம்ம மெட்ராஸ்காரர் ரங்கசாமி சீனிவாசன். எக்ஸைமர் லேசரை அதன்மேல் அடித்தார். வெட்டு சுத்தமாக விழுந்தது, ஓரத்தில் கரியே இல்லை. அந்த லேசரின் 193 நானோமீட்டர் புற ஊதா ஒளி சுடுவதில்லை. மூலக்கூறுகளின் பிணைப்பை அறுத்து விரட்டிவிடுகிறது. ஒரு துடிப்புக்குக் கால் மைக்ரான் போலக் கழன்று போகும். கண்ணின் முன்படலமான கார்னியாவின் நடுப்பகுதி அரை மில்லிமீட்டர்தான் என்பதால் அந்தச் சிக்கனம் போதும். இன்றைய லேசிக் சிகிச்சைக்கு வேர் அந்த வான்கோழி. நம் வீட்டில் மிஞ்சுகிற வஞ்சிரக் குழம்பு மறுநாள் இட்லிக்குப் போய்விடுகிறது. ஆய்வுக்கூடத்துக்குப் போயிருந்தால் காசிமேட்டுக்கு எத்தனை காப்புரிமை!

கே: சென்னையின் முதல் ரயில் நிலையம்? (பெரம்பூர்)

ப: ராயபுரம், 1856. சென்ட்ரல் என்பவரோடு நான் மீன் வாங்கப் போவதில்லை.

கே: திருவிழாக் கடை லேசர் லைட்டைப் பையன் தம்பி முகத்தில் அடிக்கிறான். கார்னியா கெடுமா? (திருவொற்றியூர்)

ப: கார்னியா அதற்கு வழிவிட்டுவிடும். ஆபத்து உள்ளே: லென்ஸ் அதைக் குவித்து விழித்திரையில் இறக்கும். முதலில் லைட்டைப் பிடுங்குங்கள்.

கே: உங்களுக்குப் பிடித்த நிறம்?

ப: எண்ணூர் வானத்தில் இல்லாத நீலம்.

கே: பகலில் வெல்டிங். நடுராத்திரியில் கண்ணில் மணல் கொட்டினாற்போல எரிச்சல். தாய்ப்பால் விடச் சொல்கிறார்கள், அண்ணே. (எண்ணூர்)

ப: விடாதீங்க தம்பி. ஆர்க் வெளிச்சத்தின் புற ஊதாவைக் கார்னியாவின் மேல்தோல் குடித்துவிடுகிறது. அடிக்கும்போது தெரியாது, 6 முதல் 12 மணி நேரம் கழித்துத்தான் வலி. பெரும்பாலும் ஒன்றிரண்டு நாளில் புதுத்தோல் வளர்ந்துவிடும். கண்ணைக் கசக்காதீங்க. மரத்துப்போகும் சொட்டு மருந்தை நீங்களாக வாங்கித் திரும்பத் திரும்ப விட்டால் புண் ஆறாது. பார்வை மங்கினாலோ, இரும்புத் துகள் தெறித்திருந்தாலோ காத்திருக்காமல் எழும்பூர் அரசு கண் மருத்துவமனைக்குப் போங்க. 1819-லிருந்து இயங்குகிற மருத்துவமனை அது. பக்கத்தில் இரும்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிற ஹெல்பர் பையனுக்கும் கறுப்புக் கண்ணாடி கொடுக்கச் சொல்லி முதலாளியிடம் கேளுங்க.

கே: நீங்கள் ஏன் லேசர் செய்து கண்ணாடியைக் கழற்றவில்லை? (காலடிப்பேட்டை)

ப: கடன் கொடுத்தவர் எதிரே வந்தால் பிறகு எதைக் கழற்றித் துடைப்பது?