ஏவல் வினையும் இரவல் உயிரெழுத்தும்: ஸ்பானியக் கட்டளைகள் குறித்து ஓர் ஆய்வு

ஸ்பானிய மொழியில் ஒருவரை ஏவுவதற்கு வினைச்சொல் படும் பாடு, ஏவப்படுபவரின் அந்தஸ்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்பதே இவ்வாய்வின் கருதுகோள்.

முதற்சான்று, நண்பன். 'தூ' என்று ஒருமையில் அழைக்கத்தக்க அவனுக்காக யாரும் மெனக்கெடுவதில்லை. 'ஹுவான் ஆப்லா' என்றால் ஹுவான் பேசுகிறான். நடுவில் ஒரு காற்புள்ளி போடுங்கள்: ஹுவானே, பேசு! 'கோமே' என்றால் சாப்பிடுகிறான். சாப்பிடு என்பதும் அதேதான்.

'உஸ்தெத்' எனும் மரியாதைக்குரியவர் வந்ததும் எழுத்துகள் எழுந்து நிற்கின்றன. 'ஆர்' ஈற்று வினைகள் சொந்த 'ஆ'வை மறைத்து 'ஏ'வைப் பூண்டு 'ஆப்லே' ஆகின்றன. 'ஏர்', 'ஈர்' ஈற்று வினைகளோ அந்த 'ஆ'வை இரவல் வாங்கி 'கோமா', 'எஸ்கிரீபா' என்கின்றன. கல்யாணத்துக்குப் பக்கத்து வீட்டுச் சங்கிலியைப் போட்டுக்கொண்டு போவது போலத்தான். பலர் இருந்தால் வாலில் ஒரு 'ன்': ஆப்லென், கோமான். (நம்மூர்ச் சொல்லாராய்ச்சிக்காரர்கள் துள்ள வேண்டாம், 'சாப்பிடுங்கள்' என்றுதான் பொருள்.) 'உஸ்தெத்' என்பதே 'தங்கள் அருள்' என்ற பழைய விளிப்பின் தேய்வு. அருளை யார் அதட்ட முடியும்? 'பேசட்டுமே' என்று வேண்டத்தான் முடியும்.

போகொட்டாவில் கணவன் மனைவிகூட ஒருவரையொருவர் 'உஸ்தெத்' என்பதுண்டே, அங்கே 'லாபே லோஸ் ப்லாதோஸ்', அதாவது தட்டுகளைக் கழுவுங்கள் என்பதுகூட இரவல் உயிரோடுதானே வருகிறது என்று சிலர் மடக்கலாம். இது கருதுகோளைக் கவிழ்க்கவில்லை. பாத்திரம் கழுவுபவரின் அந்தஸ்தை நாம் குறைத்து மதிப்பிட்டிருந்தோம், அவ்வளவே.

ஸ்பெயினில் நண்பர்கள் கூட்டமாக நின்றால் 'ஆப்லார்' என்பதன் 'ர்' போய் 'த்' வரவேண்டும்: ஆப்லாத். அந்த ஒரு 'த்'துக்கும் சோம்பி, 'ஆப்லார்' என்றே விட்டுவிடுவோர் அங்கே ஏராளம். 1713இல் தோன்றிய அரச மொழிக் கழகமே 2017இல் 'ஈரோஸ்' (போய்விடுங்கள்) விஷயத்தில் மக்களிடம் இறங்கிவந்தது. அது ஒழுங்கற்ற வினை, நம் எல்லைக்கு அப்பாற்பட்டது. ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. புவெனோஸ் ஐரெஸ்காரர்களோ 'த்'தையே கழற்றிவிட்டு, கடைசி உயிரை அழுத்தி, ஒற்றை நண்பனை ஏவுகிறார்கள்.

1492இல் இலக்கண அறிஞர் நெப்ரிஹா தம் ஸ்பானிய மொழி இலக்கணத்தை அரசி இசபெலுக்குக் காணிக்கையாக்கினார். இதனால் என்ன பயன் என்று அரசி கேட்டதாகவும், தோற்ற நாட்டார் நம் சட்டங்களை ஏற்க மொழி வேண்டுமே என்று ஆவிலா ஆயர் முந்திக்கொண்டு விடைசொன்னதாகவும் அதன் முன்னுரையில் அவரே எழுதுகிறார். கட்டளைகள் கப்பலேறிப் போயின. ஆனால் அக்கரையில் 'ஆப்லாத்' நிலைக்கவில்லை. இன்று மெக்சிகோவில் சாப்பாட்டு மேசையைச் சுற்றி மூன்று ஆயர்கள் உட்கார்ந்தாலும் மூன்று வாண்டுகள் உட்கார்ந்தாலும் அதே 'கோமான்'தான்.