திமிங்கல ஆய்வாளருக்கு ஒக்கலிபுரத்திலிருந்து ஒரு விண்ணப்பம்

அனுப்புநர்: கடலைப் பார்க்க ரயிலேற வேண்டிய ஒரு தமிழன், ஒக்கலிபுரம், பெங்களூரு.
பெறுநர்: தலைமை இயக்குநர், ஜப்பான் மீன்வள முகமை, டோக்கியோ.

ஐயா,

2024 அக்டோபரில் எங்கள் ஊருக்கு வந்த காவிரி ஐந்தாம் கட்டத் தண்ணீர், உங்கள் நாட்டுக் கடனில் வந்தது. மெட்ரோவுக்கும் உங்கள் கடன் உண்டு. கடன் கொடுத்தவரைக் குறை சொல்வது மரியாதையல்ல. ஆகவே இதைப் பாராட்டுக் கடிதமாகவே வாசிக்க வேண்டுகிறேன்.

வணிகத் திமிங்கல வேட்டைக்கு உலகம் போட்ட தடை 1986இல் அமலுக்கு வந்தது. 1987இலேயே உங்களுக்கு அண்டார்டிகாவில் அறிவியல் ஆர்வம் பிறந்துவிட்டது. 2014 மார்ச்சில் ஹேக் நகரின் சர்வதேச நீதிமன்றம் கணக்குப் பார்த்தது: 2005 முதல் கொன்றவை சுமார் 3,600 மிங்கே திமிங்கலங்கள், சக ஆய்வாளர் சரிபார்த்து வெளிவந்ததாகக் காட்ட முடிந்த கட்டுரைகள் இரண்டு. கட்டுரைக்கு 1,800 உயிர்! எங்கள் இந்திய அறிவியல் கழகத்துப் பிள்ளைகள் ஒரு கட்டுரைக்குத் தங்கள் ஒற்றை உயிரைத்தான் விடுகிறார்கள். அதிலும் ஆய்வு முடிந்த மாதிரியைப் பொட்டலம் கட்டிச் சந்தைக்கு அனுப்பும் சிக்கனம் அவர்களுக்கு வராது. பன்னிரண்டுக்கு நான்கு என்று தீர்ப்பு உங்களுக்கு எதிராகப் போனது. பன்னிருவரில் எங்கள் நாட்டு நீதிபதி தல்வீர் பண்டாரியும் ஒருவர், மன்னியுங்கள். நீங்களோ ஆய்வுக்கு வேறு பெயர் சூட்டிக்கொண்டு மறுபடி கிளம்பினீர்கள்.

2019 ஜூலையில் அந்த வேஷமும் கலைந்தது. சர்வதேசத் திமிங்கல வேட்டை ஆணையத்திலிருந்தே வெளியேறி, சொந்தக் கடலில் பகிரங்க வேட்டை. இப்போது காரணம், பாரம்பரியம். உங்கள் தாய்ஜி ஊர்க் கரையில் அது பழைய வழக்கம்தான், மறுக்கவில்லை. ஆனால் 1962இல் இரண்டு லட்சம் டன்னுக்கு மேல் தின்ற நாடு இன்று தின்பது சுமார் இரண்டாயிரம் டன். பேரப்பிள்ளைகள் தட்டைத் தள்ளிவிட்டுப் போகிறார்கள். அதனால் 2023இல் யோகோஹாமாவில் திமிங்கல இறைச்சிக்குத் தானியங்கி இயந்திரம் வைத்தார்கள். எங்கள் ஊரிலும் இட்லி இயந்திரம் வந்தது. இட்லியை விற்க நாங்கள் எந்த ஒப்பந்தத்திலிருந்தும் வெளியேற வேண்டியிருக்கவில்லை.

எங்கள் யோக்கியதையையும் சொல்லிவிடுகிறேன். கடலே இல்லாத பெங்களூரில் 2021இல் திமிங்கலத்தின் குடலில் விளையும் அம்பர்கிரிஸை விற்க முயன்றவர்கள் பிடிபட்டார்கள். 'ஆய்வு' என்று சொல்லத் தெரியாததால் கைதானார்கள், பாவம்.

எங்கள் திருச்செந்தூர்ப் பக்கத்து மீனவர்களுக்கும் வியாபார புத்தி போதாது. 2016 ஜனவரியில் மணப்பாடு கரையில் எண்பதுக்கு மேற்பட்ட பைலட் திமிங்கலங்கள் ஒதுங்கின. கூறு போட்டு விற்காமல், படகில் கட்டி இழுத்துப்போய் ஆழத்தில் விட்டார்கள். திரும்பத் திரும்பக் கரைக்கே வந்தன, மறுபடியும் இழுத்தார்கள். பாதிக்கு மேல் செத்துப்போயின.

2024இல் நீங்கள் ஃபின் திமிங்கலத்தையும் வேட்டைப் பட்டியலில் சேர்த்தீர்கள். உலகின் இரண்டாவது பெரிய விலங்கு. அதை இழுத்துப்போட ஒன்பதாயிரம் டன்னுக்கு மேல் கொள்ளளவுள்ள புதுக் கப்பல், காங்கெய் மாரு. கட்டிய கப்பல் சும்மா நிற்கக் கூடாது என்பதுதான் உங்கள் உண்மையான கவலை என்று எனக்குப் படுகிறது. அதற்கு ஒரு வழி இருக்கிறது. இங்கே அரை மணி நேரம் மழை அடித்தால் ஒக்கலிபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நிற்கும். கப்பலை இங்கே அனுப்பிவையுங்கள். திமிங்கலம் கிடைக்காது, ஆட்டோக்கள் கிடைக்கும். ஆய்வு என்றே எழுதிக்கொள்ளலாம். கட்டுரை ஒன்றுகூடத் தேறாது, அது உங்களுக்குப் புதிதல்லவே.

இப்படிக்கு,
உங்கள் கடனில் தண்ணீர் குடிப்பவன்