ஒரு கதை இருக்கு சார்

“லோகோவைக் காட்டுங்க தம்பி” என்று கேட்டால் அவர் லோகோவைக் காட்டமாட்டார். முதலில் பனி மூடிய ஒரு மலை வரும். அடுத்து ஒரு பாட்டியின் கை, கறுப்பு வெள்ளையில், சுருக்கம் சுருக்கமாக. அதற்கடுத்து வெற்றுப் பக்கம். நடுவில் பொடி எழுத்தில் ‘வேர்’ என்று மட்டும் இருக்கும். அந்தப் பக்கம் வந்ததும் டிசைனர் தம்பி பேச்சை நிறுத்திவிட்டு ஜன்னலைப் பார்ப்பார். நாமும் எதையாவது பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். டீ வாங்கப் போன பையன் திரும்பி வந்து, டீயும் ஆறின பிறகுதான் லோகோ வரும்.

காங்கேயத்தில் மரச்செக்கு வைத்திருக்கும் எங்கள் மச்சானுக்கு வந்தது ஒரு புள்ளி.

“ஏனுங் தம்பி, இது புள்ளிங்களா?”

“புள்ளி இல்ல சார், சொட்டு. சொட்டுகூட இல்ல. சொட்டு விழறதுக்கு முந்தின கணம்.”

“எண்ணெய்னு எப்படிங் தெரியும்?”

“தெரிய வேண்டாம் சார். ஃபீல் ஆகணும்.”

இவர்களுக்கு எல்லாவற்றுக்கும் ஒரு கதை உண்டு. பக்கத்தில் பாதியைக் காலியாக விட்டால் அது மூச்சு. கோடு சாய்ந்திருந்தால் நம்பிக்கை, வட்டம் ஓரிடத்தில் திறந்திருந்தால் உரையாடல். விசிட்டிங் கார்டில் போன் நம்பர் விட்டுப்போயிருக்கிறதே என்று மச்சான் பதறியதற்கு, “தேடி வரணும் சார், அதான் பிராண்ட்” என்று பதில் வந்தது. படம் ராத்திரி இரண்டு மணிக்குப் பிறந்துவிடும், கதை மறுநாள் பல் விளக்கும்போதுதான் பிறக்கும் என்பது என் சந்தேகம். போட்டு முடித்த புள்ளிமேல் ஏழெட்டு வட்டங்களை வரைந்து, “கோல்டன் ரேஷியோ சார்” என்று காட்டினால் முடிந்தது. மறுத்துப் பேச நாம் கிரேக்கம் படித்திருக்க வேண்டும்.

தம்பியை மட்டும் சொல்லிக் குற்றமில்லை, பெரிய இடத்திலேயே இப்படித்தான். 2008-இல் பெப்சி லோகோவை மாற்றியபோது ஆர்னெல் நிறுவனம் தயாரித்த ஆவணம் பிறகு வெளியே கசிந்தது. சோடா பாட்டில் வட்டத்துக்கு அதில் மோனலிசா சாட்சி, பூமியின் காந்தப்புலம் சாட்சி. இன்னொரு பக்கம், 1971-இல் கரோலின் டேவிட்சன் என்ற மாணவி 35 டாலருக்கு வரைந்து கொடுத்ததுதான் நைக்கியின் அந்த வளைகோடு. அதே 1971-இல் சேகர் காமத் வரைந்தது நம் ஸ்டேட் பேங்க் லோகோ. அகமதாபாத் காங்கரியா ஏரிதான் அது என்று இன்றைக்கும் ஒரு கதை ஓடுகிறது. எங்கள் ஊர்க்காரர்கள் அதைச் சாவித் துவாரம் என்று நினைத்துக்கொண்டே இத்தனை வருஷம் பணம் போட்டு எடுத்திருக்கிறார்கள். ஒருவருக்கும் வட்டி குறையவில்லை.

மச்சானுக்கு லேபிள் வந்தது. ‘தேங்காய்’ என்ற சொல்லில் இரட்டைக் கொம்பு ‘த’வைக் கைவிட்டு ‘ங்’மேல் சாய்ந்திருந்தது. ‘எண்ணெய்’யின் கொம்பு ‘ய்’யிடம் போய்விட்டது. தம்பியின் மென்பொருள் ஆங்கிலத்துக்கான அமைப்பிலேயே கிடந்திருக்கிறது. அதை மாற்றாவிட்டால் தமிழில் கொம்பு தன் எழுத்துக்குப் பின்னால்தான் போய் நிற்கும். காட்டினோம். “இதுலயும் ஒரு டென்ஷன் இருக்கு சார், நல்லாருக்கு” என்றார். ஃப்ளெக்ஸ் கடை அண்ணன் கோரல் டிராவைத் திறந்தார், வாயிலிருந்த பாக்கைத் துப்பவில்லை, சரி செய்துவிட்டார். அவரிடம் கதையும் இல்லை.

சைவ உணவு என்பதற்குப் பச்சைச் சதுரத்துக்குள் பச்சை வட்டம் போட வேண்டும், அரசாங்க விதி. அந்தப் பச்சை தன் கலர் பாலெட்டோடு ஒட்டவில்லை என்று தம்பி அதையும் சாம்பலாக்கியிருந்தார்.

சிரித்தது போதும், வயிற்றெரிச்சலைச் சொல்கிறேன். நல்லெண்ணெய், கடலையெண்ணெய், தேங்காயெண்ணெய் மூன்றுக்கும் ஒரே வெள்ளை லேபிள், ஒரே புள்ளி. வித்தியாசம் அடியில் வெளிர் சாம்பல் நிறத்தில், எறும்பு மொய்த்த மாதிரி. வருகிறவர்கள் மூடியைத் திறந்து மோந்து பார்த்து வாங்குகிறார்கள். திறந்த பாட்டிலை அடுத்தவர் வாங்குவாரா? மச்சான் சீலை மாற்றி மாற்றி அலுத்துவிட்டார். காலாவதித் தேதியைப் படிக்க முடியாத பாட்டி கடையில் நின்று யாரையாவது கெஞ்ச வேண்டியிருக்கிறது. 2009-இல் டிராபிகானா ஜூஸ் டப்பாவிலிருந்து ஸ்ட்ரா குத்திய ஆரஞ்சுப் பழத்தை எடுத்தார்கள். இரண்டு மாதத்துக்குள் விற்பனை ஐந்தில் ஒரு பங்கு விழுந்தது, பழம் திரும்பி வந்தது. அதுவும் அந்த ஆர்னெல் கைவண்ணமே. இதைத் தம்பியிடம் சொன்னேன். “அதுக்குப் பின்னாடி ஒரு கதை இருக்கு சார்” என்றார்.

இவ்வளவும் சொன்னவன் இதையும் சொல்ல வேண்டும். எங்கள் ஊர் மாரியம்மன் நோம்பி ஃப்ளெக்ஸில் யார் தலை பெரிசு என்று வருஷா வருஷம் கைகலப்பு வரும். இந்த வருஷம் தம்பி தானாக வந்து ஃப்ளெக்ஸ் கடையில் ராத்திரி முழுக்க உட்கார்ந்தார். கட்டம் போட்டு அத்தனை தலையையும் ஒரே அளவில் வைத்தார். இறந்துபோன பெரிய தர்மகர்த்தா கண்ணை மூடியிருந்த போட்டோவை ஒதுக்கிவிட்டு, கல்யாண ஆல்பம் ஒன்றிலிருந்து அவர் சிரிக்கும் முகத்தைத் தேடி எடுத்தார். கொம்பெல்லாம் அதனதன் இடத்தில். சண்டை இல்லை. காசு கொடுத்தால் கோபித்துக்கொண்டார். அம்மனைப் பற்றிக்கூட ஒரு கதை சொல்லவில்லை.

இப்போது மச்சானுக்கு ஆப் செய்கிறார். எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5-க்கு 1 வேறுபாடு வேண்டும் என்ற சர்வதேச விதியை அவரே எங்களுக்கு விளக்கினார். விளக்கிவிட்டு, ‘வாங்கு’ பட்டனை வெள்ளைமேல் வெளிர் பழுப்பாக வைத்து அதற்கு ‘பயணத்தைத் தொடங்கு’ என்று பெயரிட்டிருக்கிறார். ஒருவர் எண்ணெய் ஆர்டர் செய்வதாக நினைத்து அழுத்திவிட்டு, பஸ் டிக்கெட் எங்கே வரும் என்று மச்சானுக்குப் போன் செய்தார்.

போன வாரம் பில் வந்தது. கன்னங்கரேல் என்ற தடித்த எழுத்து. ஜி.எஸ்.டி. எண், வங்கிக் கணக்கு எண், கடைசித் தேதி எல்லாம் ஒரு முழம் தள்ளி நின்றாலும் தெரிகிறது. மச்சானின் அம்மா கண்ணாடி போடாமலேயே தொகையை வாசித்துவிட்டார்.