குறியும் ஓர் இடைவெளியும்

கேள்வி: எங்கள் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் நாசி லெமாக் கடை முதல் ரயில் நேரம் வரை எல்லாம் பேசுவோம். நடுவே ஒருவர் சொன்னதை மேற்கோளாகக் காட்ட > குறி போட்டால், அது அப்படியே நிற்கிறது. என்ன கோளாறு?
- ஒரு வாசகர், லாபிஸ், ஜொகூர்

பதில்: கோளாறு கைப்பேசியில் இல்லை, ஓர் இடைவெளியில் இருக்கிறது! > குறி வரியின் முதல் எழுத்தாக இருக்க வேண்டும். அதை அடுத்து ஓர் இடைவெளி விட வேண்டும். "அண்ணன் சொன்னார் >" என்று வரி நடுவில் போட்டால் பலிக்காது. அடுத்த வரியும் மேற்கோள் என்றால் அங்கும் குறி போடுங்கள். இந்த வசதி 2024 பிப்ரவரியில்தான் வந்தது. பழைய பதிப்பு வைத்திருப்பவர்கள் முதலில் செயலியைப் புதுப்பிக்கட்டும். தடித்த எழுத்துக்கான நட்சத்திரக் குறிக்கு விதி நேர்மாறு: சொல்லை ஒட்டியே நிற்க வேண்டும், இடைவெளி விட்டால் கெட்டது.

ஆனால் அரட்டை வேகத்தில் எனக்குப் பிடித்தது வேறு வழி. பதில் சொல்ல வேண்டிய செய்தியை விரலால் வலப்பக்கம் தள்ளுங்கள். சொன்னவர் பெயரோடு அவர் வார்த்தையே மேலே வந்து நிற்கும். > குறிக்கு அந்த நாணயம் கிடையாது. யாரும் எதையும் எழுதி, இன்னார் சொன்னது என்று அனுப்பிவிடலாம். மு.வ. சொன்னதாகவும் அப்துல் கலாம் சொன்னதாகவும் தினமும் காலையில் வந்து விழுபவை இந்த வகைதான். ஆகவே குறி போட்டு எழுதினால், சொன்னவர் பெயரையும் கீழே எழுதுங்கள். அவர் வார்த்தையில் ஓர் எழுத்தையும் மாற்றாதீர்கள்.