பூனையும் மருந்துதான்!

கேள்வி: ஆராய்ச்சி என்பது ஆய்வுக்கூடத்து வேலை. நோயாளியைப் பார்த்துக்கொள்வது வீட்டு வேலை. இரண்டுக்கும் ஏன் முடிச்சுப் போடுகிறீர்கள்?
– ஒரு வாசகர், ராணிப்பேட்டை

பதில்: அந்த முடிச்சு உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே விழுந்தது ஐயா. 1946ல் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்தார் டாக்டர் பால் பிராண்ட். தொழுநோயில் விரல்கள் தானாக அழுகி உதிர்கின்றன என்று பரவலாக நம்பிய காலம் அது. அவருக்குச் சந்தேகம். துருப்பிடித்த பூட்டை ஒரு நோயாளி பலமாகத் திருகித் திறந்ததைப் பார்த்தார். சாவி விரலைக் கிழித்து ரத்தம் வழிந்தது. நோயாளிக்கோ எதுவும் தெரியவில்லை. உணர்வு செத்ததுதான் காரணம்!

சரி, ராத்திரி தூங்கி எழுந்தால் விரல் குறைந்திருக்கிறதே, அது எப்படி? விழித்திருந்து பார்த்தார்கள். திருடன் எலி! பிறகென்ன, வீட்டுக்குப் போகும் நோயாளியின் கையில் ஒரு பூனையையும் கொடுத்தனுப்பினார்கள். மருந்துச் சீட்டில் எழுத முடியாத மருந்து!

உணர்வற்ற பாதத்துக்கு மெத்தென்ற எம்.சி.ஆர். ரப்பர் செருப்பும் இப்படிப் பிறந்த யோசனைதான். தோல் தொழிலுக்குப் பேர்போன உங்கள் ஊர்க்காரர்களுக்குச் செருப்பைப் பற்றிச் சொல்லித் தரவா வேண்டும்?

அதே சி.எம்.சி.யில் படித்த டாக்டர் மேரி வர்கீஸ், 1954ல் நடந்த விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். பார்த்துக்கொள்ளப்பட்டவரே பார்த்துக்கொள்பவரும் ஆனார்.

அதனால்தான், தினமும் ராத்திரி அப்பாவின் உணர்வற்ற உள்ளங்காலைத் திருப்பி, புண் இருக்கிறதா என்று பார்க்கும் மகளை நான் ஆராய்ச்சியாளர் என்றுதான் சொல்வேன்.