முழங்கால் கடலில் படகுலா: கொமடோர்களுக்குச் சில ஆலோசனைகள்

படகுக் கழகம் தொடங்கியாகிவிட்டது. வட்சப் குழு இருக்கிறது, ஒரே நிறத்தில் பெனியன் அடித்தாயிற்று, தலைவருக்குக் கொமடோர் என்று பட்டம் சூட்டி வெள்ளைத் தொப்பியும் வாங்கிக் கொடுத்தாயிற்று. இனிக் கடல் ஒன்றுதான் குறை. பிள்ளைகுட்டியோடு போகக்கூடிய, அலையடிக்காத கடலாக, சனி ஞாயிறுக்குள் முடித்துவிடக்கூடியதாக வேண்டுமென்றால் விடத்தல்தீவுக்கு வாருங்கள். மன்னாரிலிருந்து பூநகரிப் பக்கம் போகும் ஏ32 வீதியில் வந்து கடற்கரைப் பக்கம் இறங்கினால் ஊர் வந்துவிடும். தீவு எங்கே என்று யாரையும் கேட்டு மானத்தை வாங்கிக்கொள்ளாதீர்கள். தீவு பேரில் மட்டும்தான். ஊர் பெருநிலத்தோடு ஒட்டிக்கொண்டு கிடக்கிறது. விடத்தல் என்பதோ ஒரு முள்மரம். பேரை நம்பி வருகிறவருக்கு முள் மட்டும் நிச்சயம்.

முதலில் படகு. அடியில் ஐந்தடிக்கு ஏரா இறங்கும் பாய்ப்படகை லொறியில் ஏற்றி வருபவர்கள் அதை இறக்காமல், லொறியில் வைத்தே படம் எடுத்துக்கொள்வது உத்தமம். பாக்கு விரிகுடா முழுவதுமே ஆழங்குறைந்த கடல். விடத்தல்தீவுக் கரையில் அது ஆழம் என்ற சொல்லையே மறந்துவிடுகிறது. இந்தப் பக்கத்துக் கடலைத் தோண்டிக் கப்பல் விட 1860இல் டெய்லர் என்ற ஆங்கிலேயக் கடற்படை அதிகாரி யோசனை சொன்னார். அதையே சேதுசமுத்திரத் திட்டம் என்று 2005இல் மதுரையில் அன்றைய இந்தியப் பிரதமர் மன்மோகன் சிங் தொடக்கிவைத்தார். 12 மீட்டர் ஆழம் வேண்டும் என்று தோண்டத் தொடங்கிய வேலை பாதியில் நின்றுபோயிற்று. இரண்டு அரசாங்கங்களுக்கு இறங்கிக் கொடுக்காத கடல் உங்கள் ஏராவுக்கு இறங்கிக் கொடுக்குமா? பேசாமல் ஊரில் பைபர் வள்ளம் வாடகைக்குப் பிடியுங்கள். வள்ளத்தோடு ஒரு ஓட்டியும் வருவார், அவரோடு ஒரு மரக்கோலும் வரும். எஞ்சினைவிட அந்தக் கோல் முக்கியம். ஆழமானி வைத்திருக்கிறோம் என்று அவரிடம் பீற்றிக்கொள்ள வேண்டாம். கோலை ஒரு குத்துக் குத்திச் சேறா, மணலா, சாதாளையா என்று சொல்லிவிடுவார். உங்கள் கருவி அதற்குள் மின்கலம் கேட்கும்.

அடுத்தது காற்று. சோளகக் காலத்தில் உலா வைக்கலாமா என்று கேட்பவர்கள் மன்னார்த் தீவின் தென்கரையை ஒருமுறை எட்டிப் பார்க்கட்டும். மின்சார சபை அங்கே நட்ட 30 காற்றாலைகள் 103.5 மெகாவாட் வரை எடுக்கின்றன. வாடைக் காலத்திலோ மழையும் சேர்ந்துகொள்ளும். வாடை ஓய்ந்து சோளகம் எழாத இடைவெளியில், மார்ச் ஏப்ரலில், கடல் கண்ணாடித் தட்டுப் போலக் கிடக்கும். வெயில் மண்டையைப் பிளக்கும். கொமடோர் தொப்பிக்கு முதல் நியாயம் இங்கேதான் கிடைக்கிறது.

அனுமதி விஷயத்தில் அலட்சியம் வேண்டாம். 2016இல் இங்கே 29,000 ஹெக்டேருக்கு மேல் இயற்கை ஒதுக்கிடமாக்கப்பட்டது. வனஜீவராசிகள் திணைக்களத்தைக் கேட்காமல் கண்டற்காட்டுக்குள் பிரியாணிப் பெட்டியோடு நுழைய முடியாது. 2024இல் அதிலே 168 ஹெக்டேரை நீருயிர் வளர்ப்புக்கென்று வர்த்தமானியில் கழித்தார்கள். சூழல் ஆர்வலர்கள் உயர் நீதிமன்றம் வரை போய் இடைக்காலத் தடை வாங்கினார்கள். ஆகவே வரைபடத்தைப் பிரித்துவைத்துக்கொண்டு ஓட்டியிடம் எல்லை கேட்காதீர்கள். அவருக்குத் தெரிந்த எல்லை வேறு: இது இன்னாருடைய சிறகு வலை, அது இன்னாருடைய நண்டு வலை. அந்த எல்லையைத் தாண்டினால் வர்த்தமானி வராது, ஆளே நேரில் வருவார்.

சனிக்கிழமை இரவைக் கடலில் கழிப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. சனிக்கிழமையைக் கண்டுபிடித்தது உங்கள் கழகம் அல்ல. இராமேஸ்வரத்து இழுவைப் படகுகள் இந்தப் பக்கம் வருவதற்குத் திங்கள், புதன், சனி என்று காலாகாலமாகக் கணக்கு உண்டு. இலங்கையில் 2017இல் இழுவைமடியைச் சட்டம் போட்டுத் தடுத்தார்கள்; சட்டத்துக்கு நீச்சல் தெரியாது. அந்த இரவுகளில் இங்கத்தைய தொழிலாளி வலையை நினைத்துக்கொண்டு தூங்காமல் கிடப்பார். நீங்கள் கிற்றாருடன் விழித்திருக்கும் காரணத்தை அவருக்கு விளங்கப்படுத்துவது கடினம்.

அணிவகுத்துப் போவது எப்படி? கழகக் கையேட்டில் அம்புக்குறி போட்டு அழகாக வரைந்திருப்பார்கள். இந்தக் கரையோடு வடக்கே போனால் அதைவிட நல்ல பாடம் இருக்கிறது. 1992இல் இடம்பெயர்ந்த இரணைதீவு மக்கள், கடற்படையின் பிடியிலிருந்த தங்கள் தீவைக் கேட்டு ஒரு வருடம் கரையில் போராடிப் பார்த்துவிட்டு, 2018 ஏப்ரல் 23ஆம் திகதி வெள்ளைக் கொடிகளோடு நாற்பது வரையான வள்ளங்களில் ஒன்றாகப் புறப்பட்டுப் போய் இறங்கினார்கள். வார இறுதிகூட இல்லை, திங்கட்கிழமை. கொமடோரும் இல்லை. ஞாயிறு மாலைக்குள் திரும்ப வேண்டும் என்ற நிபந்தனை இல்லாததால் அங்கேயே தங்கியும் விட்டார்கள்.

உங்களுக்கு அவ்வளவு வேண்டாம். முன்னால் போகும் ஓட்டியின் தடத்தை விடாமல் பின்னால் போனால் போதும். பூநாரைக் கூட்டத்தைக் கண்டதும் "கிட்டப் போங்கோ, அண்ணை" என்று கேட்கத் தோன்றும். யோசியுங்கள்: பூநாரை காலூன்றி நிற்கிறது என்றால் தண்ணீர் எவ்வளவு என்று அர்த்தம்? நான் ஒருமுறை யோசிக்காமல் கேட்டேன். அண்ணை மறுத்துச் சொல்லவில்லை. சிரித்துவிட்டு அணியத்தைத் திருப்பினார். ஐந்து நிமிடத்தில் விசிறியில் சாதாளை சுற்றியது, பத்தாவது நிமிடத்தில் வள்ளம் சேற்றில் குந்தியது. பறவைகள் அதற்குள் இன்னும் நூறு யார் தள்ளிப் போய் நின்றன.

அப்படிக் குந்தினால் செய்ய வேண்டியவை. உதவிப் படகு கேட்டு அலற வேண்டாம், அதுவும் வந்து பக்கத்தில் குந்தும். பாரம் குறைய எல்லோரும் இறங்குங்கள்; பதவி மூப்பின்படி, கொமடோர் முதலில். காலைத் தூக்கி வைக்காமல் சேற்றை உரசி உரசி நடக்க வேண்டும், அடியில் திருக்கை படுத்திருக்கும், உரசினால் விலகிப் போகும், மிதித்தால் வாலைச் சுழற்றும். தள்ளிப் பாருங்கள். நகராது. ஓட்டி வள்ளத்துக்குள் இருந்தபடியே பீடியைப் பற்றவைத்துக்கொண்டு, "இன்னும் மூண்டு மணித்தியாலம் கிடக்கு, தம்பி. வெள்ளம் ஏறட்டும்" என்பார். அந்த மூன்று மணித்தியாலத்துக்குக் கையேட்டில் பக்கம் கிடையாது. அவரிடம் கொஞ்சம் கட்டுச்சோறும் சம்பலும் இருக்கும், கேட்டால் தருவார்.

கொமடோரின் தொப்பியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஏறி இறங்கிய கால்களோடு வள்ளத்துக்குள் சேற்றுத் தண்ணீர் தேங்கியிருக்கும். அதை இறைக்க நல்ல அளவு.