மதினி அப்பளம்

என் போனில் இரண்டு மதினிகள் உண்டு. ஒன்று, மதுரையில் இருக்கும் அண்ணன் மனைவி, பெயர் 'மதினி'. இன்னொன்று, பாளையங்கோட்டை பெருமாள்புரத்தில் எங்களுக்குப் பின் தெரு; பெயர் 'மதினி அப்பளம்'. இரண்டாவது பெயரை நான் பதியவில்லை. ஒரு மறுவீட்டுப் பந்தியில் சொதியைப் பிசைந்து, இஞ்சித் துவையலைத் தொடப் போன நேரம், இலைக்குப் பக்கத்தில் கிடந்த போனை மதினி எடுத்தாள். "எடது கைப் பெருவெரல இதுல வையிங்க தம்பி." வைத்தேன். திறந்தது. அவளே அடித்து அவளே பதிந்துகொண்டாள். "சேவ் பண்ணலைன்னா எங்க ஸ்டேட்டஸ் ஒங்களுக்கு வராது. நஷ்டம் ஒங்களுக்குத்தான்."

நெல்லைச் சீமையில் இப்போது தெருவுக்கு ஒரு மதினி இப்படி இருக்கிறாள். கடை கிடையாது, பலகை கிடையாது. முன்னறைக் கட்டிலுக்கு அடியில்தான் குடோன். கல்லிடைக்குறிச்சி அப்பளம், கூழ்வத்தல், இடிசாம்பார்ப் பொடி, உடன்குடிக் கருப்பட்டி, பத்தமடைப் பாய். கேட்டால் நைட்டியும் வரும். செங்கோட்டை பாசஞ்சரில் போய், கல்லிடையில் இறங்கி, அப்பளத்தை மடியில் வைத்துக் கொண்டுவருவாள். "ஆத்துத் தண்ணியில பிசைஞ்ச உளுந்து மாவு, அதுக்கு ஒரு ருசி உண்டு" என்பது அவளுடைய விளம்பர வாசகம். வேறு வாசகம் அவளுக்குத் தேவைப்பட்டதில்லை.

வாட்ஸ்அப்பின் சட்டதிட்டங்களை மதினி கரைத்துக் குடித்தவள். ஸ்டேட்டஸ் 24 மணி நேரத்தில் போய்விடும். இரண்டு பேரும் ஒருவர் நம்பரை ஒருவர் பதிந்திருந்தால்தான் கண்ணில் படும். பிராட்காஸ்ட் லிஸ்டில் 256 பேருக்கு மேல் சேர்க்க முடியாது. அவள் நம்பரைப் பதியாதவருக்கு அதுவும் போய்ச் சேராது. அதனால் கல்யாணம், காதுகுத்து, சடங்கு எதையும் விடுவதில்லை. மொய் எழுதுகிறவரை விட அதிக நம்பரோடு வீடு திரும்புவாள்.

ராத்திரி பதினோரு மணிக்கு, ஸ்டேட்டஸை யார் யார் பார்த்தது என்ற பட்டியலை எடுத்துவைத்துக்கொண்டு உட்காருவாள். "143 பேரு பாத்திருக்காவ. வாங்குனது ரெண்டு பேரு. மிச்சப்பேரு என்ன, ஆனித் தேரு பாக்க வந்தவங்களா?" பார்த்ததே தெரியாதபடி செட்டிங்கை மாற்றிவைத்துப் பார்ப்பவர்களும் உண்டு. அவர்களுக்குச் 'சன்னல்காரிகள்' என்று பெயர் வைத்திருக்கிறாள். பட்டியலில் பெயர் வராவிட்டாலும் யார் யார் என்று அவளுக்குத் தெரியும்.

சென்னையில் இருக்கும் மகன் ஒருமுறை பிசினஸ் வாட்ஸ்அப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனான். புதிதாகச் செய்தி அனுப்புகிறவர்களுக்கும், ரெண்டு வாரம் பேச்சுவார்த்தை இல்லாதவர்களுக்கும் அதுவே வரவேற்புப் பதில் போட்டுவிடும். ரொம்ப நாள் தொடர்பில்லாத ஒரு சொந்தக்காரர், பெரியப்பா தவறிப்போன சேதியை அனுப்பியிருக்கிறார். "தங்கள் வருகைக்கு மிக்க மகிழ்ச்சி! என்ன வேண்டும்?" என்று பதில் போயிருக்கிறது. துஷ்டி வீட்டில் மதினி முகம் காட்ட முடியவில்லை. மறுநாளே பழைய வாட்ஸ்அப் திரும்பிவிட்டது.

விற்பனைக் கலையை அவள் எந்த வகுப்பிலும் படிக்கவில்லை. திருநெல்வேலியில் பிறந்தவளுக்கு அது எதற்கு? நெல்லையப்பர் கோயிலுக்கு எதிரே, பெயர்ப்பலகைகூட இல்லாமல், சாயங்காலம் திறந்து சரக்கு தீர்ந்ததும் அடைத்துவிட்டுப் போகிற இருட்டுக்கடை அல்வா வரிசையில் சின்ன வயதிலிருந்து நின்றவள். இல்லை என்று சொன்னால்தான் நம்மூர் ஆட்களுக்கு ஆசை வரும் என்பதை அங்கேயே தெரிந்துகொண்டிருக்கிறாள். காலையில் பத்துக் கட்டு அப்பளம் போவதற்குள் 'ஸ்டாக் ஓவர்' என்று ஸ்டேட்டஸ் வந்துவிடும். கட்டிலுக்கு அடியில் அறுபது கட்டு இருக்கும். மத்தியானத்துக்குள் முப்பது பேர் கெஞ்சுவார்கள். "சரி, ஒங்களுக்காவ வீட்டுக்கு எடுத்து வச்சிருந்ததத் தாரேன்" என்பாள். முப்பது பேரிடமும் அதையே சொல்வாள்.

கூரியர்தான் கொஞ்சம் இடைஞ்சல். நீளம் அகலம் உயரத்தைப் பெருக்கி 5000ஆல் வகுத்தால் வருவதுதான் எடை என்று, ஒன்றேகால் கிலோ பாய்ச் சுருளுக்கு மூன்றரைக் கிலோவுக்குப் பணம் வாங்கிவிடுகிறார்கள். அப்பளம் நொறுங்கிப் போனதாகப் போட்டோ அனுப்புகிறவர்களுக்கு, "எப்படியும் ஒடச்சுத்தானே திங்கப் போறிய" என்று பதில் தயார்.

இதெல்லாம் சுலபம். துட்டுக் கேட்பதுதான் கஷ்டம். வாங்குகிறவர்கள் பாதிப் பேர் சித்தி, அத்தை, நாத்தனார், சம்பந்தி. "பொறவு போட்டுவிடுதேன் மதினி" என்று சொல்லிப் போனவர்களிடம் வாய் திறந்து கேட்டால் உறவு முறியும். கேட்காவிட்டால் முதல் போகும். எங்கள் அப்பா காலத்தில் வி.பி.பி. என்று ஒன்று இருந்தது. 1877இலேயே தபால்துறை கொண்டுவந்தது. தபால்காரர் பணத்தை வாங்கிக்கொண்டுதான் பார்சலைக் கையில் தருவார். கேட்கிற சங்கடம் அவரோடு போயிற்று. விற்றவரும் வாங்கியவரும் கடைசிவரை நல்லவர்களாகவே இருந்தார்கள். 2016இல் யுபிஐ வந்தது. பணம் ஒரு நொடியில் போகிறது. ஆனால் கேட்கிற வேலை மறுபடி மதினி தலையில் விழுந்துவிட்டது.

அதற்கு அவள் ஒரு தனி மொழியே உண்டாக்கியிருக்கிறாள். முதல் போன்: "பார்சல் வந்திச்சா?" இரண்டாவது: "பொரிச்சுப் பாத்தியளா? பூவா வந்திச்சா?" மூன்றாவது போனில்தான் விஷயம்: "ஒண்ணுமில்ல, எங்க ஜிபே ரெண்டு நாளா மக்கர் பண்ணுது. வேலை செய்யுதான்னு பாக்கணும். ஒரு தடவ அனுப்பிப் பாருங்களேன்." எவ்வளவு என்று சொல்லமாட்டாள். அவர்களே சரியாக 480 அனுப்பிவிடுவார்கள்.

இதற்கும் அசையாதவர்களுக்குக் கோயில் கொடை முறை. கொடையன்று வரி கொடுத்தவர் பேரை மைக்கில் வாசிப்பார்களே, அதேபோல 'நேற்று பணம் அனுப்பிய நல்ல உள்ளங்களுக்கு நன்றி' என்று பெயர்களை வரிசையாக ஸ்டேட்டஸில் போடுவாள். பெயர் இல்லாதவர்களுக்கு அதைவிட என்ன சொல்ல வேண்டும்?

பணம் வந்தால் கத்துகிற பெட்டி ஒன்றையும் வாடகைக்கு எடுத்து ஃபிரிட்ஜ் மேல் வைத்திருக்கிறாள். "ரூபாய் இருநூற்று நாற்பது பெறப்பட்டது" என்று அது மத்தியானம் மூன்று மணிக்கு முழங்கும்போது மதினியின் வீட்டுக்காரர் அண்ணாச்சி தூக்கத்திலிருந்து எழுந்து உட்கார்ந்துவிடுவார். முப்பது வருஷம் சம்பளம் வாங்கியவர்; ஒரு மாதமாவது அது இப்படிச் சத்தம் போட்டு வந்திருக்கிறதா?

அவளையும் ஒருத்தன் ஏமாற்றப் பார்த்தான். ராணுவத்தில் இருப்பதாகச் சொல்லி, முகாமுக்கு ஐம்பது கட்டு வேண்டும் என்று இந்தியும் தமிழுமாகப் பேசினான். ஒரு கியூஆர் கோடை அனுப்பி, இதை ஸ்கேன் செய்து பின் நம்பரைப் போட்டால் உங்களுக்குப் பணம் வரும் என்றான். மதினி நிதானமாகக் கேட்டாள்: "ஏல, துட்டு வாங்குதவ கைய நீட்டுவாளா, பீரோச் சாவியக் குடுப்பாளா? திருநெல்வேலிக்காரிக்கே அல்வாவா?" லைன் கட்டாகிவிட்டது. அவன் நம்பரை மட்டும் அழிக்கவில்லையாம். ஸ்டேட்டஸைப் பார்த்தாலும் பார்ப்பான் என்றாள்.

போன மாதம் நானும் இரண்டு கட்டு அப்பளமும் கருப்பட்டியும் வாங்கினேன். மூன்றாவது போன் வருவதற்குள் முந்திக்கொள்வோம் என்று அவசரமாக 480 ரூபாயை அனுப்பினேன். மறுநாள் நல்ல உள்ளங்கள் பட்டியலில் என் பெயர் இல்லை. அப்புறம்தான் பார்த்தேன்: பணம் போனது மதுரை மதினிக்கு. அங்கிருந்து பதிலும் வந்திருந்தது: "எதுக்கு தம்பி இதெல்லாம்? சித்தப்பா அனுப்புனதுன்னு சொல்லிப் பிள்ளையளுக்கு பரோட்டா வாங்கிக் குடுத்துட்டேன்."

அண்ணன் மனைவியிடம் துட்டைத் திருப்பிக் கேட்க முடியுமா? இரண்டு நாள் யோசித்துவிட்டு, மதினி அப்பளத்தின் வழியையே பிடித்தேன். "மதினி, எங்க ஜிபே மக்கர் பண்ணுது. வேலை செய்யுதான்னு பாக்கணும், ஒரு தடவ..."

"நல்லாத்தான் வேலை செய்யுது தம்பி" என்றாள் மதுரை மதினி. "அன்னைக்கு நீங்க போட்டது டக்குன்னு வந்திச்சே."